8 ஜிபி ரெட்மியா, 6 ஜிபி சாம்சங்கா? திருகோணமலைக்கு ஏற்ற கணக்கு

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு போன் கடைக்குள் போய், விலை குறைந்த ஸ்மார்ட் போன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி மேசைமீது வந்து உட்காரும் பெட்டிகளில் ஷவோமியின் ரெட்மி 14சியும் சாம்சங்கின் கேலக்ஸி ஏ16உம் அநேகமாக இருக்கும். இரண்டும் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியானவை. ரெட்மி பெட்டியில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பிடம் என்று எழுதியிருக்கும். சாம்சங் பெட்டியில் 6 ஜிபி, 128 ஜிபி என்றிருக்கும். அப்படியிருந்தும் சாம்சங்கின் விலைதான் கூடுதல். இலக்கம் கூடியது மலிவாகவும் இலக்கம் குறைந்தது விலை உயர்ந்ததாகவும் இருப்பது ஏன் என்று வாங்க வந்தவர் தடுமாறுவது இயல்பு.

இந்தத் தடுமாற்றத்தைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் ஒவ்வொரு போனும் அந்த விலையேற்றத்தைச் சுமந்தே வந்தது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசிகளும் அந்த வரிக்குள் வந்தன. விலை இப்படி ஏறிய அதே காலத்தில்தான் போன் இல்லாமல் காரியம் நடக்காது என்ற நிலையும் வந்தது. 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் குறியீடு வந்த நாட்களை மறந்தவர் இருக்க முடியாது. பாடசாலைச் செய்திகள், கடைக்குச் செலுத்தும் பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகம் எல்லாம் இன்று ஒரே திரையில்தான் இருக்கின்றன. ஒரு குடும்பம் ஒரு போனை வாங்கினால் அதை நான்கு வருடம் உழைக்க வைத்து, பிறகு அம்மாவிடமோ தம்பியிடமோ கொடுக்கிறது. எனவே இன்று எது வேகமாக ஓடுகிறது என்பதைவிட, மூன்றாவது நான்காவது வருடத்தில் எது நம்பி எடுத்துப் பேசக்கூடியதாக இருக்கும் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். விலையை, அந்தப் போன் நன்றாக உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக மட்டும் ஒன்று 40,000 ரூபா, மற்றது 55,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை விலை மாறும். 40,000 ரூபாப் போன் இரண்டரை வருடம் உழைத்தால் மாதத்துக்கு 1,333 ரூபா. 55,000 ரூபாப் போன் நான்கு வருடம் உழைத்தால் மாதத்துக்கு 1,146 ரூபா. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றுகிறவருக்குக் கணக்குத் தலைகீழாகும். அவருக்கு மலிவான போனில் மாதம் 1,667 ரூபாவும் மற்றதில் 2,292 ரூபாவும் போகும். தவணை முறையில் வாங்குகிறவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும். மாதத் தவணைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், தவணைக்கு எடுத்த மலிவான போனின் மொத்தத் தொகை சில வேளைகளில் மற்றப் போனின் கைக்காசு விலைக்கு அருகில் வந்து நிற்கும்.

இனி, ஒரு போன் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்ப்போம்.

வெயிலில் திரை

முதலில் திரை. போனில் நாம் செய்யும் எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

ரெட்மி 14சியில் இருப்பது 6.88 அங்குல எல்சிடி திரை. எல்சிடியில் திரை முழுவதற்கும் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள படலம் அந்த ஒளியை விட்டும் மறைத்தும் படம் காட்டும். ஏ16 இல் இருப்பது 6.7 அங்குல அமோலெட். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே கிடக்கும். அதனால் கறுப்பு உண்மையான கறுப்பாகவும் எழுத்து பளிச்சென்றும் தெரியும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ரெட்மி வழக்கமாக 450 நிட்ஸ் (திரையின் ஒளியை அளக்கும் அலகு), கடும் வெளிச்சத்தில் 600 நிட்ஸ் வரை போகும் என்று நிறுவனம் சொல்கிறது. ஏ16 கடும் வெளிச்சத்தில் 800 நிட்ஸ் வரை போகும். கொழும்பு அலுவலகத்தில் குளிரூட்டிய அறைக்குள் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உப்புவெளியில் அது ஒரு நாள் வேலையையே மாற்றும். பருவ காலத்தில் காலை 11 மணிக்குக் கடற்கரையில் நின்று, திமிங்கிலம் பார்க்கும் படகுக்கும் புறாத்தீவுப் பயணத்துக்கும் வட்ஸ்அப்பில் பதிவு எடுக்கும் இளைஞர்களைக் கவனித்தால் தெரியும். ஒரு கையால் போனை நெஞ்சோடு அணைத்து, மறு கையைத் திரைக்கு மேல் கூரைபோலப் பிடித்து, தலையைக் குனிந்து வாசிப்பார்கள். வெள்ளை மணலும் கடலும் திருப்பி எறியும் ஒளியில் மங்கலான திரை கண்ணாடியாகவே மாறிவிடும். வாசிக்க வந்த செய்திக்குப் பதிலாக அவர்களுடைய முகம்தான் அதில் தெரியும்.

வெளிச்சத்தோடு கூர்மையும் இருக்கிறது. ரெட்மியின் திரையில் 720க்கு 1640 புள்ளிகள். ஏ16 இல் 1080க்கு 2340 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் ரெட்மியில் சுமார் 260, சாம்சங்கில் சுமார் 385. ஆங்கில எழுத்துக்கு 260 போதும் என்று பலர் சொல்வார்கள். தமிழ் வாசிக்கிறவர்கள் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து, ன, ண இரண்டின் சுழிகளைப் பாருங்கள். ணை, ஞ, ஙு போன்ற நெருக்கமான எழுத்துகளைப் பாருங்கள். புள்ளி குறைந்த திரையில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு கலக்கும். நாளிதழின் மின்பதிப்பை போனிலேயே வாசிக்கிறவர்களுக்கு இது தினமும் கண்ணில் ஏறும் களைப்பு.

ஆகவே கடையில் இரண்டு போன்களையும் கேட்டு வாங்கி வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைத் தானியங்கியில் விட்டு, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

ரெட்மியின் பெட்டியில் 120 ஹெர்ட்ஸ் என்றும் சாம்சங்கில் 90 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும். ஒரு விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதன் கணக்கு அது. போனின் மூளையாக உள்ளே இருக்கும் சில்லு அத்தனை படங்களைத் தயாரித்துக் கொடுத்தால்தான் அந்த 120 க்குப் பொருள் உண்டு. இந்த விலையில் நான் அந்த இலக்கத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாகூடக் கொடுக்கமாட்டேன்.

சில்லும் சூடும்

ரெட்மியில் இருப்பது ஹீலியோ ஜி81 அல்ட்ரா, சாம்சங்கில் இருப்பது ஹீலியோ ஜி99. இரண்டையும் வடிவமைத்தது மீடியாடெக். இரண்டிலும் வேலையைப் பகிர்ந்து செய்யும் எட்டுக் கருக்கள், அவற்றில் வலுவானவை இரண்டு. ஜி81 இன் வலுவான கருக்கள் கோர்டெக்ஸ் ஏ75 வகை, ஜி99 இனுடையவை அதற்கு அடுத்த தலைமுறையான ஏ76. அதைவிட முக்கியமானது, ஜி81 12 நானோமீற்றர் முறையிலும் ஜி99 6 நானோமீற்றர் முறையிலும் செய்யப்பட்டவை என்பது. நுண்ணிய முறையில் செய்த சில்லு, அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் எடுக்கும். மின்சாரம் குறைந்தால் சூடும் குறையும்.

சூடு நமக்குப் பெரிய விஷயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நிழலிலேயே உடம்பு எரியும். அந்த வெக்கையில், மோட்டார் சைக்கிளின் முன்னால் பொருத்தி வரைபடம் பார்த்துக்கொண்டு நிலாவெளி வரை போகும் போன் வெளியிலிருந்தும் வெந்து, உள்ளிருந்தும் வேகும். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும், திரையையும் மங்கச் செய்யும். தொடர்ந்து சூடு படும் பற்றரி விரைவில் கொள்ளளவை இழக்கும். இரண்டாவது வருடத்தில் பின்னேரம் நான்கு மணிக்கே சார்ஜ் தீர்ந்துபோகிறது என்ற முறைப்பாட்டில் பெரும்பங்கு சூட்டினுடையது.

பற்றரி அளவில் ரெட்மி 5160, சாம்சங் 5000 மில்லி அம்பியர் மணி. வித்தியாசம் சுமார் 3 சதவீதம், பொருட்படுத்த வேண்டியதில்லை. சார்ஜ் ஏறும் வேகம் ரெட்மியில் 18 வாட், சாம்சங்கில் 25 வாட். ஆனால் சாம்சங் பெட்டிக்குள் சார்ஜர் வராது. நல்ல சார்ஜர் ஒன்றின் விலையையும் சேர்த்தே அதன் விலையைக் கணக்கிட வேண்டும். நடைபாதையில் விற்கும் மலிவான சார்ஜரைக் கொண்டு போய்ச் சொருகினால் மிச்சம் பிடித்த காசு பற்றரியில் போய்விடும்.

8 என்பதும் 6 என்பதும்

இனிப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் அந்த இலக்கங்கள்.

ரேம் என்பது ஒரே நேரத்தில் திறந்திருக்கும் செயலிகள் தங்கும் இடம். 8 ஜிபி இருந்தால் வங்கிச் செயலியிலிருந்து வட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பும்போது அது மூடிக்கொள்ளாமல் அப்படியே நிற்கும். இது உண்மையான வசதி. ஆனால் பெட்டியில் 8+8, 16 ஜிபி என்றெல்லாம் எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். கூட்டிச் சொல்லப்படும் பகுதி, சேமிப்பிடத்திலிருந்து இரவல் வாங்கிய இடம். அது உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. ரெட்மியில் அந்தச் சேமிப்பிடம் இஎம்எம்சி 5.1 என்ற பழைய வகை. கந்தளாய்க் குளமளவு நீர் இருந்தாலும் மதகு சிறிதென்றால் வயலுக்குத் தண்ணீர் மெல்லத்தான் வரும். 256 ஜிபியில் நிறையவே வைக்கலாம். வைத்ததை எடுக்கும் வேகம் மட்டும் அந்த வகைக்கு உட்பட்டது, போன் நிறைய நிறைய அந்தத் தாமதம் கூடுதலாகத் தெரியும்.

இருந்தாலும் இடத்தின் அளவில் ரெட்மிக்கு ஓர் உண்மையான வெற்றி உண்டு. அதில் இரண்டு சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ஏ16 இல் இரண்டாவது சிம் போடும் இடமும் கார்டு போடும் இடமும் ஒன்றுதான். நகரத்துக்குள் ஒரு சிம், மூதூர், வெருகல் பக்கம் போனால் இன்னொன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்கள் ஏ16 வாங்கினால் கார்டை மறந்துவிட வேண்டும். கோயில் திருவிழா வீடியோக்களையும், உறவினர் குழுக்களில் காலையில் வந்து குவியும் படங்களையும் அழிக்க மனம் வராதவர்களுக்கு 128 ஜிபி இரண்டு வருடத்தில் நிறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏ16 இல் 4 ஜிபி ரேம் உள்ள வகையும் உண்டு. விலை சற்றுக் குறைகிறது என்று அதை எடுத்தால் இந்தக் கட்டுரையின் முடிவே மாறிவிடும். வருங்கால ஆண்ட்ராய்டு பதிப்புகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கனமாகவே வருகின்றன. நான்கு வருடம் வைத்திருக்க வாங்கும் போனில் 6 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். கையில் இருக்கும் காசுக்கு 4 ஜிபி ஏ16 மட்டும்தான் கிடைக்கும் என்றால், 8 ஜிபி ரெட்மியை எடுத்துக்கொண்டு மிச்சக் காசைப் பத்திரப்படுத்துவதே மேல்.

2030 வரை

விலையில் உள்ள வித்தியாசத்துக்கு மிகப் பெரிய நியாயம் பெட்டியின் முன்பக்கத்தில் இருப்பதில்லை. ஏ16 ஆண்ட்ராய்டு 14 உடன் வந்தது. அதற்கு ஆறு ஆண்ட்ராய்டு தலைமுறைகள் வரையும், ஆறு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தருவதாகச் சாம்சங் அறிவித்திருக்கிறது. இந்த விலைப் பிரிவில் அது அபூர்வம். ரெட்மி 14சிக்கு அவ்வளவு நீண்ட வாக்குறுதி இல்லை.

பாதுகாப்புப் புதுப்பிப்பு என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. ஒவ்வொரு மென்பொருளிலும் திருடர் நுழையக்கூடிய ஓட்டைகள் காலப்போக்கில் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் ஒட்டுகளே இந்தப் புதுப்பிப்புகள். அவை நின்றுபோன போன் அன்றே பழுதாவதில்லை, அழைப்பும் போகும், பாட்டும் பாடும். ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதில் திறந்தே கிடக்கும். அந்தப் போனில்தான் நம் வங்கிக் கணக்கும், கடையில் லங்காகியூஆர் வழியாகப் பணம் செலுத்தும் செயலியும் இருக்கின்றன. கத்தாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பணத்தை போனில் பார்த்து, போனிலேயே மாற்றும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமாக இருக்க முடியாது. நாளடைவில் செயலிகளும் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும். 2023 ஒக்டோபரில் வட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்திய போன்களுக்கான ஆதரவை நிறுத்தியது. அவற்றில் பல வேறு எந்தக் குறையும் இல்லாத போன்கள்.

ஒரு விஷயத்தைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அந்த ஆறு வருடம், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, போன் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. ஏ16 2024 இன் இறுதியில் வந்தது. ஆகவே 2030 இன் இறுதியை ஒட்டி அந்தக் காலம் முடியும். எவ்வளவு பிந்தி வாங்குகிறீர்களோ அவ்வளவு மாதங்களைக் கணக்கிலிருந்து கழியுங்கள். அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய போனுக்குப் புதுப் போனின் விலையைக் கொடுப்பது நட்டம். விலை பேச இதுவே நல்ல பிடி.

ரெட்மியின் சொந்தச் செயலிகள் சிலவற்றில் விளம்பரங்களும் பரிந்துரைகளும் எட்டிப் பார்க்கும். அமைப்புகளுக்குள் போய் அவற்றை நிறுத்தலாம், ஆனால் அதைச் செய்யத் தெரியாத ஒருவரின் கையில் போன் போகிறது என்றால் நீங்களே செய்துகொடுத்துவிடுங்கள்.

உப்புக் காற்று

ஏ16 ஐபி54 தரம் கொண்டது. தூசிக்கு எதிராக ஓரளவு காப்பும், எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீருக்கு எதிரான காப்பும் இருக்கிறது என்பது அதன் பொருள். வாடைக்காற்று மழையில் பஸ் தரிப்பிடத்தில் நின்று பேசலாம். தண்ணீரில் முங்கினால் அது காப்பாற்றாது, கடல்நீருக்கு அந்தத் தரம் பொறுப்பேற்பதும் இல்லை.

கரையோரத்தில் போனைக் கொல்வது பெரும்பாலும் ஒரே அலை அல்ல, மெல்லப் படியும் உப்பு. இரண்டு வருடம் படகிலும் வாடியிலும் புழங்கிய போனின் சார்ஜ் துவாரத்தை டோர்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே தங்க நிறத்தில் மின்ன வேண்டிய மெல்லிய தகடுகளில் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஏறியிருக்கும். முதலில் வேகமாகச் சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஏறும். இதற்கு இரண்டு போன்களும் ஒன்றுதான். ஈரக் கையோடு சார்ஜ் போடாமல் இருப்பதும், துவாரம் நனைந்தால் முழுதும் காயும்வரை காத்திருப்பதும், துவாரத்துக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி போடுவதும் விலை குறைந்த வைத்தியங்கள்.

உடைந்தால்

இங்கே ரெட்மியின் பக்கம் தட்டு தாழ்கிறது. கீழே விழுந்து திரை உடைந்தால், எல்சிடி டிஸ்பிளே மாற்றுவது அமோலெட் மாற்றுவதைவிடக் குறைந்த செலவில் முடியும். அமோலெட்டுக்குப் பதிலாக மலிவான நகல் டிஸ்பிளே போடுகிற கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. போட்டால் போன் இயங்கும், ஆனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்த வெளிச்சமும் கறுப்பும் போய்விடும். கைரேகை வாசிப்பான் இரண்டு போன்களிலும் பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பதால் அது மட்டும் தப்பும். ஏ16 வாங்குகிறவர் கடையை விட்டு வெளியேற முன்னரே கவரும் டெம்பர் கிளாஸும் போட்டுவிட வேண்டும். போனைத் தவறவிடும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே ரெட்மியை எடுக்கலாம்.

கமராவைப் பற்றி நீளமாகப் பேச இரண்டிலும் ஒன்றுமில்லை. இரண்டிலும் பிரதான கமரா 50 மெகாபிக்சல், முன் கமரா 13 மெகாபிக்சல். பகலில் இரண்டும் நல்ல படம் எடுக்கும், இரவில் இரண்டும் திணறும். ஏ16 இல் அகன்ற கோணக் கமரா ஒன்று கூடுதலாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்க அது உதவும். ரெட்மியின் பின்னால் தெரியும் பெரிய வட்டத்தைப் பார்த்து அதற்குள் நான்கு கமரா இருப்பதாக நினைக்க வேண்டாம்.

வயரோடு கூடிய ஹெட்போன் மாட்டும் துவாரம் ரெட்மியில் இருக்கிறது, ஏ16 இல் இல்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அடிக்கடி போகிறவர்களுக்கு இது எரிச்சலைத் தரும்.

என் தீர்ப்பு இது. நான்கு வருடம் வைத்திருக்கும் எண்ணத்தோடு, வங்கி வேலையும் வெளி வேலையும் உள்ள ஒருவர் வாங்குவதாக இருந்தால், 6 ஜிபி ஏ16 க்குக் கொடுக்கும் கூடுதல் காசு திரும்பி வரும். திரையும் சில்லும் புதுப்பிப்பும் மூன்றும் அதன் பக்கம் நிற்கின்றன. வீட்டுக்குள் இருந்து வீடியோ அழைப்புப் பேசும் அம்மாவுக்கும், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளும் தாத்தாவுக்கும், இரண்டு சிம்மும் கார்டும் ஒன்றாக வேண்டியவருக்கும், இரண்டு வருடத்தில் மாற்றத்தான் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கும் ரெட்மி 14சி போதும். அவர்கள் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

எதை எடுத்தாலும் பெயரை முழுதாக வாசியுங்கள். ஏ16 என்றும் ஏ16 5ஜி என்றும் இரண்டு போன்கள் உண்டு, ரெட்மி 14சிக்கும் அப்படியே ஒரு 5ஜி வகை உண்டு. உள்ளே இருக்கும் சில்லுகள் வேறு. போகோ சி75 என்ற பெயரில் யாராவது காட்டினால் அது ஏறக்குறைய ரெட்மி 14சியேதான்.

வாரண்டி நிறுவனத்தினுடையதா கடையினுடையதா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அப்போது கேட்கப்படும் முதல் பொருள் அந்த ரசீது. பணம் கொடுப்பதற்கு முன்னர் போனில் *#06# என்று அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும். அது பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் பழைய போனிலிருந்து, ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்ற பதில், நீங்கள் கடையில் நிற்கும்போதே வந்துவிடும்.